பூட்டு தொங்கினால் உள்ளே ஆள்

இப்போதெல்லாம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தெருவில் நின்றுகொண்டு போன் அடிக்கிறார்கள். எடுக்கவில்லையென்றால் வீட்டில் ஆள் இல்லை என்று அவர்களே முடிவுகட்டிப் போய்விடுகிறார்கள். கை எதற்கு இருக்கிறது?

போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்டீர்கள், சொல்கிறேன். நான் சொல்வது ஒன்றாகவும் நீங்கள் எழுதிக்கொள்வது ஒன்றாகவும் இருக்கும், அது எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

நான் ரத்தினசாமி. ஆம்பூரில் தோல் கம்பெனியில் டிரம் ஆள். டிரம் என்றால் ஒரு அறை அளவுக்கு மர உருளை. தோலையும் மருந்தையும் உள்ளே போட்டுச் சுற்றவிடுவார்கள். அதைக் கழுவ ஆள் உள்ளே இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் சுவிட்ச் பெட்டியில் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொள்வோம். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான். முதலாளியே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொட மாட்டார். என் ஆயுசில் நான் நம்பிய சட்டம் அது ஒன்றுதான்.

எங்கள் தெருவைப் புதுசாக்கப் போவதாகச் சொன்னார்கள். வீடுகளை இடித்துவிட்டுக் கடை வளாகம், அகல ரோடு. முதலில் பாதாள சாக்கடைக்கு என்று வாசலை ஒட்டிப் பள்ளம் எடுத்தார்கள். தாண்ட ஒரு பலகை. கம்பெனி பஸ் வருவது நின்றது, அப்புறம் தண்ணீர் லாரி, அப்புறம் பால்காரன். வெயிலில் புழுதி சோற்றில் விழுந்தது. மழையில் பள்ளம் நிரம்பிப் பலகை மிதந்தது. என் மனைவி அமிர்தவள்ளி அந்தப் பலகையிலிருந்துதான் விழுந்தாள். இடுப்பு எலும்பு. அதன்பிறகு அவளுக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவதற்கு ஒரு பித்தளைச் சொம்பு.

பக்கத்து வீட்டு வஹீதா கிளம்பும்போது சொல்லிக்கொள்ள வந்தாள்.

"அண்ணா, உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. அண்ணியைப் பாருங்க, காத்து இல்லாம வெந்து போறாங்க."

"நீ போம்மா. செவுத்தை மட்டும் வுட்டுட்டுப் போ."

"செவுத்தை இன்னா, டிபன் பாக்ஸ்லயா எடுத்துனு போவேன்?"

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் போன பிறகு அந்தப் பக்கம் இடித்தார்கள். அவள் வீட்டுப் பச்சை வர்ணம் தெரிய எங்கள் சுவர் அம்மணமாக நின்றது. அதற்குப் பிறகு தெருவில் நாங்கள் மட்டும்தான்.

எங்கள் வீடு ஏன் நின்றது தெரியுமா? அவளால்தான். என்னை இரண்டு பேர் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிடலாம். அவளை அப்படி நிறுத்த முடியாது. வேலையைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் இளம்பரிதி வருவான், கட்டிலைப் பார்ப்பான், தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான். ஆபரேஷன் செய்தால் நடப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடந்தால் போய்விடுவாள். நாட்டு வைத்தியர் போடுகிற கட்டே போதும் என்று சொல்லிவிட்டேன்.

என் மகன் கௌதம் ஷூ கம்பெனியில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"நைனா, மாத்து வீடு குடுத்துட்டாங்க. போய்டலாம்."

"நாலாவது மாடி. லிஃப்ட் ஓடலை. உங்கம்மாவை ஏத்தினா, அடுத்து எறக்கறது ஒரேடியாத்தான்."

"இங்க மட்டும் இன்னா, ஓடியாடினு இருக்காங்களா?"

கட்டிலிலிருந்து அவள் பேசினாள். "நான் வர்றேன்டா. உங்க நைனா அந்தச் செவுத்தோட குடும்பம் நடத்தட்டும்."

மறுநாள் காலையில் ஆட்களோடு வந்து கட்டிலோடு தூக்கிப்போவதாக அவர்களே பேசி முடித்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் அவளுக்குக் காப்பி கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். அப்புறம் வெளியே வந்து பூட்டினேன். கம்பெனியில் வைத்திருந்த அதே பூட்டு. சாவி இடுப்பில். கௌதம் தூக்கிப்போகக் கூடாது என்பதற்காகப் பூட்டினேன். மற்றவர்களுக்குப் பூட்டே சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

இளம்பரிதி முன்னாடியே சொன்னானே என்கிறீர்கள். சொன்னான். "பெரியவரே, இடிக்கற வண்டி ஓட்டற பையன் வடநாடு, தமிழ் தெரியாது. பூட்டின வீடு காலி வீடு, இடிச்சிடுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க இருக்கறவரைக்கும் கதவைத் தொறந்தே வையுங்க." என் காது நன்றாகத்தான் கேட்கும். ஆனால் அது அவன் நேற்று போட்ட சட்டம். அதற்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?

பள்ளத்தைத் தாண்டி, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தேன். கௌதமுக்கு முன்னால் இடிக்கிற வண்டி வந்துவிட்டது. ஓட்டுகிறவன் இறங்கி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். தட்டவில்லை. திரும்பி ஏறினான். எழுந்து கையை ஆட்டியிருக்கலாம். ஆட்டினால் சாவி கேட்பார்கள். சாவியைக் கொடுத்தால் கதவு திறக்கும். திறந்தால் அவளைத் தூக்கிப்போவார்கள், அன்றைக்கே வீடும் போய்விடும். எந்தப் பக்கம் யோசித்தாலும் வழி இல்லை. டீயைக் குடித்தேன்.

சொம்புச் சத்தம் கேட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்டது. வண்டி உறுமலுக்கு நடுவிலும் கேட்டது. தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன், எப்போதும் அதற்குத்தான் தட்டுவாள். வந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று, இடுப்பில் சாவி இருக்கிறதா எனத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். பூட்டு தொங்கும்போது மிஷினைத் தொடக் கூடாது. தொட்டது அவன் தப்பு.