மாமனும் மாடும் ஒரே சைஸு

வாங்கடா, வாங்க. சமாதானம் பேச ரெண்டு பெரிய மனுசங்க வந்தாச்சு. பாண்டிராஜு, மண்டபத்துல இருந்து டீக்கடைக்கு ரோட்டக் கடக்கவே உனக்கு இம்புட்டு மூச்சு வாங்குது, இதுல போலீஸ் செலக்சனுக்கு ஓடப் போறேன்னு திரியிற. ஏய் சூர்யா, வாயோரத்துல என்னடா? கேசரியா? புள்ளைக்கு இன்னும் காதே குத்தல, அதுக்குள்ள பந்தியில உக்காந்து எந்திரிச்சாச்சா? நல்லா இருங்கடா.

வர மாட்டேன். சொன்னா சொன்னதுதான். தாய்மாமன் மடி இல்லாம முத்துமீனா அக்கா மகளுக்குக் காது குத்திருவாங்களா? குத்தட்டும் பாப்போம். ஆசாரி ஊசியக் கையில வச்சுக்கிட்டு கொட்டாவி விடுறாரா? விடட்டும்.

சின்ன விசயமா? நிமிந்து அந்த ஃப்ளெக்ஸப் பாருடா. இங்கருந்தே தெரியுதுல்ல? நடுவுல பவதாரிணி பாப்பா பொக்க வாயோட சிரிக்குது. அந்தப் பக்கம் அக்கா, மச்சான். இந்தப் பக்கம் சம்பந்தமே இல்லாம ஒரு மயிலு நிக்குதுல்ல? அது என் எடம். தாய்மாமன்னா ஆளு உசரத்துக்கு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கணும். வில்லாபுரத்துல எந்தக் காதுகுத்து ஃப்ளெக்ஸ வேணும்னாலும் போய்ப் பாரு. நான் எங்க இருக்கேன்? அடியில, கடைசி வரிசையில, ஸ்டாம்ப் சைஸுல. பக்கத்துல யாரு? சோணைமுத்து சித்தப்பா வளக்குற சல்லிக்கட்டுக் காளை. அதுவும் வெள்ளச் சட்ட போட்டுருக்கு, நானும் வெள்ளச் சட்ட போட்டுருக்கேன். மாமனும் மாடும் ஒரே சைஸு. சீர்த்தட்டும் மேளமுமா வாசல் வரைக்கும் வந்தவன் அதப் பாத்தா திரும்பி நடப்பானா, உள்ள வந்து பாயாசம் குடிப்பானா?

ஆமாடா, நான் வேல பாக்குற கடையிலதான் அடிச்சது. டிசைன் பண்ணதும் நான்தான். இல்லைன்னு சொன்னேனா? என்னமோ துப்பறிஞ்ச மாதிரி பாக்காத. உக்காந்தது நான், செஞ்சது பேட்ச்சு.

பேட்ச்னா மாத்திரை அட்டையில போட்டுருக்குற நம்பர் இல்லடா, மக்கு. சொந்தக்காரன் அம்புட்டுப் பேரும் வாட்ஸப்புல மூஞ்சிய அனுப்பி விடுறான். ஒருத்தன் கடன் வாங்குன பைக்குல சாஞ்சுக்கிட்டு நிக்கிறான். ஒருத்தன் கல்யாணக் கூட்டத்துல இருந்து தன்ன மட்டும் வெட்டி அனுப்புறான், தோள்ல எவன் கையோ தொங்குது. சித்தப்பாகிட்ட மூஞ்சி கேட்டா காளைய அனுப்புறாரு. இத ஒவ்வொண்ணாத் தொறந்து, வெட்டி, வெளுப்பாக்கி, கழுத்துக்குக் கீழ வெள்ளச் சட்டைய ஒட்டி, சுத்தித் தங்கக் கலர்ல கோடு போட்டு முடிக்கிறதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணமே வந்துரும். அதுக்குத்தான் போட்டோஷாப்புல ஆக்சன்னு ஒண்ணு இருக்கு. ரெக்கார்ட அமுக்கிட்டு ஒரே ஒரு போட்டோவுக்குச் செஞ்சு காட்டணும். வரிசை மாறாம அப்படியே பிடிச்சு வச்சுக்கும். ஒரு தடவ பாத்ததும் பிடிச்சுக்குற மாதிரி ஒரு புள்ளையத்தான் என் காலேஜ் வாத்தியாருக தேடிக்கிட்டு இருந்தாங்க, நான் போய்ச் சேந்தேன். ரெண்டாம் வருசமே ஒருத்தர ஒருத்தர் மன்னிச்சுப் பிரிஞ்சுட்டோம்.

அப்புறம் என்ன, மொத்த ஃபோல்டரையும் காட்டி ஓகேய அமுக்கிட்டு டீ குடிக்கப் போகலாம், அதுதான் பேட்ச்சு. வாரதுக்குள்ள எல்லாத்துக்கும் சட்ட போட்டு வச்சுருக்கும். அதுக்குப் பெரியப்பன் தெரியாது, பங்காளி தெரியாது, மாடு தெரியாது. நம்ம ஊர்ல எல்லாரையும் சமமா நடத்துறது அது ஒண்ணுதான். எங்க பெரிய மாமாவ டியூப் லைட்டு மாதிரி ஆக்கி விட்டுருச்சு. அத்தை காலையில இருந்து ஃப்ளெக்ஸுக்குக் கீழ நின்னு புருசனத் தேடுது.

முழு உசரம் நிக்கிறவங்க போட்டோ தனி ஃபோல்டரு. ஸ்டாம்ப் மூஞ்சி தனி ஃபோல்டரு. என்னோடது எப்படியோ ஸ்டாம்புக்குள்ள விழுந்துருச்சு. விழுந்துருச்சுடா. எப்படின்னா? கம்ப்யூட்டரப் போய்க் கேளு.

இந்தா, ஆப்பிள் வேணும்னா எடுத்துக்க. சீர்த்தட்டுதான், இனிமே எவன் கேக்கப் போறான். பட்டுப் பாவாடையத் தொடாத, கேசரிக் கை. டேய், துண்டு போட்டு மூடிருக்குற தட்ட விடு. விடுறாங்குறேன்ல. சாமி சமாச்சாரம்.

போன் அடிச்சா அடிக்கட்டும். அக்காதான். அழுகுதுன்னு எவன் சொன்னான்? நீ பாத்தியா? ம். பாப்பாவும் அழுகுதா? மொட்டையில தடவுன சந்தனம் காஞ்சு இழுத்துக்கிட்டு இருக்கும். மாமா மாமான்னு கத்துதா? அதுக்குத் தெரிஞ்ச வார்த்தையே அது ஒண்ணுதான்டா, நாயப் பாத்தாலும் அதத்தான் சொல்லும்.

அழகுபாண்டி மச்சானும் வந்துட்டுப் போனாரு. கையப் பிடிச்சுக்கிட்டு, தப்பா நெனைக்காதீங்க மாப்ளன்னு கண்ணு கலங்குறாரு. அந்தாளு என்ன தப்புடா பண்ணாரு? ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் குடுத்தாரு, அம்புட்டுத்தான். காளை மேல பேப்பர் ஒட்டி மறைச்சுருவோமாங்குறாரு. மனுசன் நல்லவரா இருக்கலாம், இம்புட்டு நல்லவரா இருந்தா எதுத்தாப்புல இருக்குறவன் என்னதான் பண்ணுவான்?

என்னது? திருப்பிச் சொல்லு. நான் வராட்டிப் போகட்டும், தாய்மாமன் போட வேண்டிய தங்கத் தோட்ட மட்டும் குடுத்து விடணுமாமா? எங்க பெரியம்மா மகன் மடியில உக்கார வச்சுக் குத்திக்கிறாங்களாமா? யாரு சொல்லி விட்டது, மச்சானோட ஆத்தாவா? ஓ.

உக்காருடா. சூர்யா, நீயும் உக்காரு. அந்தத் துண்ட எடு. சும்மா எடுறா. என்ன இருக்கு? வெத்தல பாக்கு. அடியிலயும் வெத்தலதான், தேடாத.

பாப்பா பொறந்தன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல, மச்சான் வீட்டாளுக முன்னாடி, தோடு என்னோடதுன்னு சொன்னது இந்த வாய்தான். என்கிட்ட ஒழுங்கா வேல செய்றது இது மட்டும்தான. அதுக்குக் காசு பொரட்ட நேத்து சாயந்தரம் வரைக்கும் அலஞ்சேன், ஆகல. அக்காகிட்ட சொல்லிருக்கலாம். சொன்னா அது என்ன செய்யும் தெரியுமா? தன் காதுல கெடக்குறதக் கழட்டி என் கையில குடுத்து, நீ வாங்குன மாதிரி கொண்டு வாடாங்கும். அந்த வெறுங்காதப் பாத்துக்கிட்டு நான் எப்படிடா மடியில புள்ளைய வச்சுருப்பேன்?

வெறுங்கையோட வார மாமன ஊரே சிரிக்கும். கோவிச்சுக்கிட்டுப் போற மாமன்கிட்ட தோடு எங்கடான்னு எவனாச்சும் கேப்பானா? கையப் பிடிச்சுக் கெஞ்சத்தான் செய்வான்.

மாடா? அதையும் பாத்தேன்டா. பாத்துட்டுத்தான் விட்டேன். மாடு சட்ட போட்டு நின்னாத்தான மெஷின் தப்புன்னு நம்புவீங்க. பேட்ச்சு ஒரு தப்பும் பண்ணல. நேத்து ராத்திரி என் போட்டோவ ஸ்டாம்ப் ஃபோல்டருக்குள்ள இழுத்துப் போட்டது நான்தான்.