வீரய்யாவின் கோப்பி வைத்தியம்

வீரய்யா: நம்பலைன்னா போ. நம்ம தோட்டத்து லயத்துக் கக்கூஸுல எறும்பு படையா வந்துச்சா... எட்டே நாள் கோப்பி குடிச்சேன். அம்புட்டும் வரிசை கட்டி அடுத்த லயத்துக்குக் குடி போயிருச்சு. கடைசி எறும்பு என்னையத் திரும்பிப் பாத்துட்டுப் போச்சு.

பூரணி: மெதுவாப் பேசுங்க. கிளினிக்குல முப்பது பேரு உக்காந்திருக்காங்க.

வீரய்யா: கேக்கட்டுமே. முப்பது பேருக்கும் அதான் மருந்து.

பூரணி: நாப்பது வருசம் ஸ்டோருல தேயிலை அரைச்ச மனுசன்... வேலைய விட்டு நின்னதும் கோப்பிக் கட்சிக்கு மாறிட்டீங்க.

வீரய்யா: நானா சொன்னேன்? பேப்பர்ல போட்டிருந்தான். கோப்பி குடிக்கிறவனுக்குச் சீனி வருத்தம், அதான் நீரிழிவு, கொறைவாம். லிந்துலைக் கடையில வடை சுத்திக் குடுத்த பேப்பர்தான். இருந்தாலும் அச்செழுத்துல்ல.

பூரணி: வடையத் தின்னுட்டுத்தான படிச்சீங்க. உள்ளங்கையில சீனிய வச்சு நக்கிக்கிட்டே கோப்பி குடிக்கிற ஆளு.

வீரய்யா: கோப்பைக்குள்ள போட்டாத்தான் சீனி. கையில இருக்கிறது கணக்குல சேராது.

பூரணி: எனக்குச் சிரிப்பு வரலைங்க. நாலு மாசமா மாத்திரையத் தொடமாட்டேங்கிறீங்க. இப்ப சோதனைக்கு ரத்தமும் குடுத்தாச்சு. என்ன வரப்போகுதோ... ஏன் சால்வைய இழுத்துப் போத்துறீங்க?

வீரய்யா: குளிருது.

பூரணி: வெயில்லதான உக்காந்திருக்கோம்.

வீரய்யா: ... அப்பாவுக்கு மொதல்ல மாத்திரை. அப்புறம் ஊசி. அப்புறம் காலு. அம்மாவுக்கும் அதே மாதிரிதான். மாத்திரைய வாயில போட்டாலே... நானும் அந்த வரிசையில போய் நின்ன மாதிரி இருக்கு, பூரணி.

பூரணி: மாமி கால எடுத்தப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். எனக்குப் பயமில்லையா? மாத்திரையாங்க கால எடுத்துச்சு... சீனி எடுத்துச்சு.

வீரய்யா: இரு, நர்ஸ் மிஸ் ரிப்போட் துண்டோட வருது.

யசோதினி: வீரய்யா ஐயா ஆர்? நீங்களோ... சீனி நல்லாய் இறங்கியிருக்கே. போன முறை இருநூத்தி அறுபது. இப்ப நூத்திப் பன்னிரண்டு.

வீரய்யா: பாத்தியா பூரணி. எல்லாம் கோப்பி, மிஸ்.

யசோதினி: அந்தக் கதை நானும் வாசிச்சனான் ஐயா. இப்ப டொக்டர்மார் பரம்பரையையும் பாத்து ஆராயினம். சில ஆக்களுக்குப் பிறப்பிலேயே கோப்பி ஆசை கூட. தாய் தகப்பனிட்ட இருந்து வாறது. கோப்பிதான் காக்குதெண்டா, அந்த ஆக்களுக்குச் சீனி வருத்தம் குறையவேணும் என்ன? மற்றவைக்கு வாற அளவுதான் அவைக்கும் வருதாம்.

வீரய்யா: அப்ப பேப்பர்காரன் பொய்யா எழுதினான்?

யசோதினி: பொய்யில்லை. கோப்பி குடிக்கிற ஆக்கள் வேற ஏதும் காரணத்தால சுகமாய் இருந்திருப்பினம். பேர் கோப்பிக்குப் போயிட்டுது. உங்களுக்குத் தாய் தகப்பன் ரெண்டு பக்கத்தாலையும் வருத்தம் வருது. மாத்திரையை விட்டிடாதேங்கோ.

வீரய்யா: விட்டு நாலு மாசம் ஆச்சே, மிஸ்.

யசோதினி: மாத்திரை இல்லாமல் இந்த நம்பரோ... நம்பேலாது.

வீரய்யா: எங்க வீட்டுக்காரியும் இதத்தான் சொல்லுது. என் தம்பி ஆண்டியப்பன் ஒருத்தன்தான் நம்பினான். கால்ல புண்ணு, பாவம். முந்தாநாளு சொன்னேன். மாத்திரை, ஊசிமருந்து எல்லாத்தையும் ஆத்துல வீசிட்டு, கோப்பிச் சட்டியோட குந்தியிருக்கான்.

பூரணி: என்னது... ஊசியையுமா?

வீரய்யா: நேத்து கொஞ்சம் சத்தி, வாந்தி எடுத்தானாம். கோப்பி உள்ள வேலை செய்யுதுன்னு சொன்னேன்.

யசோதினி: ஐயா, காலில புண்ணோட ஊசிய நிப்பாட்டினா உயிருக்கே ஆபத்து. சத்தியும் எடுக்கிறாரெண்டா ஒரு நிமிசமும் நிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

வீரய்யா: பயங்காட்டாதீங்க, மிஸ். அவனும் என் ரத்தந்தான... எனக்குக் கேட்டது அவனுக்குக் கேக்காதா? பூரணி, நீதான பக்கத்துல இருந்து பாத்த. கோப்பி குடிச்சு எனக்குச் சீனி எறங்கிச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு.

பூரணி: எறங்கிச்சுங்க... நெசந்தான். கோயிலுக்குன்னு சொல்லிட்டு மாசாமாசம் இங்க வந்துதான் உங்க மாத்திரைய வாங்கிட்டுப் போனேன். பொடி பண்ணி உங்க கோப்பியிலதான் கலந்து குடுத்தேன். எந்திரிங்க... தம்பி கோப்பியில கலக்குறதுக்கு அங்க யாருமில்ல.