மிச்சமான மின்சாரம் எங்கே போனது?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அறிவால் மூத்தும் ஆர்வத்தில் இளைத்தறியாத பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே, ஆற்றலே உருவான இளையோரே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் அண்ணன் மின்பொறியாளர், அண்ணி பொருளியலாளர். இருவருக்கும் வீடு ஒன்று, அலுவலகம் ஒன்று, கருத்து மட்டும் இரண்டு! பின்வரிசையில் சிரிப்பவர்களே, உங்கள் வீட்டு நிலவரமும் புரிந்துவிட்டது.

அண்ணன் புதிய மின்நிலையம் ஒன்றைக் கட்டி முடித்தார். பழைய நிலையம் தந்த மின்சாரத்தைப் பாதி நிலக்கரியில் தரும் நிலையம்! "இதைத் திறந்ததும் பழையதை மூடிவிடலாம்" என்று மேலதிகாரிகள் கூட்டத்தில் முழங்கினார். மறுத்து எழுந்தவர் யார்? மணந்த மனைவி!

"உங்க இயந்திரம் கம்மியாத்தான் எரிக்கும், ஒத்துக்கிறேன். ஆனா கரண்ட் மலிவானா ஜனங்க கூடுதலா எடுப்பாங்க. மிச்சமான காசுல வேற பொருள் வாங்குவாங்க. அந்தப் பொருளைச் செய்யவும் கரண்ட் வேணும். என் கணக்குப்படி மிச்சத்துல பாதி இப்படியே செலவாயிடும். பழசை இப்ப மூடாதீங்க, ஊர் இருட்டாயிடும்."

பொருளியலில் இதற்கு மீள்விளைவு என்று பெயர். அண்ணன் அகராதியிலோ இதற்கு அவமானம் என்று பெயர்! அதிகாரிகள் அண்ணியின் சொல்லை ஏற்று, பழையதை மூடாமலே புதியதைத் திறந்தார்கள்; மின்கட்டணமும் குறைந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் பேசியவை பாத்திரங்கள் மட்டுமே.

கோடை வந்தது. மின்தேவை ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது! புதிய நிலையம் திணற, பழையதும் கைகொடுத்தது. ஒரு தெருவும் இருளவில்லை. அண்ணன் மலைத்துப் போனார்.

"இவ்வளவும் எங்கதான் போகுது?"

"வாங்க, நடந்து போய்ப் பாக்கலாம்."

விடுமுறை நாள் காலையில் நானும் உடன் சென்றேன். என்ன கண்டோம்? கைரம்பம் இழுத்துத் தோள் தேய்ந்த தச்சர், மின்ரம்பத்தின் முன் நிமிர்ந்து நின்றார். தையற்கூடத்தில் ஒவ்வொரு பெண்ணின் தலைக்குமேலும் ஒரு மின்விசிறி! மாடியறையில், நுரையீரல் நலிந்த ஓர் ஆசிரியை. மருத்துவமனைக் கட்டிலை விட்டு, மகளின் வீட்டில், புகைக்கு அஞ்சி மூடிய சன்னலோரம், மூச்சுக்கருவியோடு அமர்ந்திருந்தார். அண்ணன் மின்நிலையத்துக்காரர் என்று அறிந்ததும் கேட்டார்:

"தம்பி, இது நாள் முழுக்க ஓடுது. ஊர் கரண்டை நான் ஒருத்தியே குடிக்கிறேனோ?"

அண்ணி ஆசிரியையின் கையைப் பற்றினார்.

"நீங்க நல்லா மூச்சு விடுங்கம்மா. கணக்கை நாங்க பாத்துக்கிறோம்."

அவையோரே! ஏட்டில் எண்ணாய் இருந்தது எதுவென்று தெரிந்ததா? அது உழைப்பு! அது காற்று! அது உயிர்!

படியிறங்கும்போது அண்ணன் கேட்டார்: "அந்தப் பழைய நிலையத்துப் புகையும் இவங்க நெஞ்சுக்குத்தானே போகுது?"

"ஆமாங்க. அதை மூடத்தான் வேணும். யார் வீட்டு விசிறியும் நிக்காம மூடணும்."

அன்று முதல் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பட்டறைகளுக்கு மின்சாரம் குறைவாய்க் கேட்கும் மோட்டார்கள், கூரைகளுக்குச் சூரியத் தகடுகள். அதிலும் மிச்சமாவது எங்கெங்கே செலவாகும் என்பதை முன்பே கணக்கில் சேர்த்தார்கள். ஆண்டுகள் ஆயின. ஒரு காலை, அந்தப் பெரும் புகைபோக்கி ஓய்ந்தது. ஊரில் ஒரு விளக்கும் கண் சிமிட்டவில்லை. நாங்கள் மூவரும் மாடியறைக்கு ஓடினோம். ஆசிரியை சன்னலை அகலத் திறந்து வைத்திருந்தார்!

பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் இல்லங்கள் ஒளிரட்டும். வணக்கம்!