முதலில் எடுத்த படத்தைக் கடைசியில் ஒட்டியது குறித்து

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் அடையாள அட்டையைப் பார்த்து காவல் நிலைய எழுத்தர் எழுதிக்கொண்டார். இல்லத்தில் எனக்கு மாத்திரை அக்கா என்றுதான் பெயர். வயது நாற்பத்தெட்டு. மனநலம் பாதிக்கப்பட்ட பெண்கள் தங்கும் அந்த இல்லத்திலேயே, சலவை அறையை ஒட்டிய அறையில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். காலையும் மாலையும் முப்பத்திரண்டு பேருக்கு மாத்திரை கொடுத்து, விழுங்கியதும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது என் வேலை.

இவ்வழக்கில் கைதாகியுள்ள தையல்காரியை எட்டு மாதங்களுக்கு முன் அவள் கணவர் கொண்டுவந்து சேர்த்தார். யாரோ தன் வீட்டாரின் முகத்தை மாட்டிக்கொண்டு வருவதாக அப்போது கத்துவாள். மாத்திரை ஒத்துக்கொண்டது. ஐந்தாம் மாதம் நன்றாகத் தெளிந்து, இல்லத்தில் கிழிந்து கிடந்த தலையணை உறைகளையெல்லாம் தைத்துப்போட்டாள். அதன் பிறகு தன் ஏழு வயது மகளுக்கு ஒரு கவுன் தைத்து, "வளந்திருப்பாளே" என்று இரண்டு விரற்கடைத் துணியை உள்ளே மடித்துவிட்டாள். கணவர் வந்து அழைத்துப்போக அடுத்த மாதம் இருபதாம் தேதி குறிக்கப்பட்டது.

அதன் பிறகு வெளிநாட்டு உதவி அமைப்பிலிருந்து கடிதம் வந்தது. ஏழை நாடுகளில் மனநலத்துக்கென்று உதவி ஒதுக்கலாமா என்று முடிவு செய்ய, குணமான ஒருவரை முன்பும் பின்பும் எடுத்த வீடியோப் படம் கேட்டிருந்தார்கள். இயக்குநர் எங்களை அழைத்து, "கிணறு வெட்டினா போட்டோ எடுத்து அனுப்பலாம். மனசு சரியானதை எப்படிம்மா போட்டோ எடுக்கறது? அதான் நமக்கு எவனும் தர்றதில்ல" என்றார். அதில் பொய் கிடையாது. எங்கள் முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே டாக்டர், அவரும் மாதம் ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார்.

ஆனால் தையல்காரியைச் சேர்த்த அன்று யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

அதன் பிறகு முதல் தேதியன்று கேமராக்காரர் வந்து, அவள் தைப்பதையும் சிரிப்பதையும் எடுத்தார். மறுநாள் இயக்குநர் என் அறைக்கே வந்து, "பத்து நாள் மாத்திரைய நிறுத்தினா பழையபடி ஆயிடுவா. அதை எடுத்துட்டு மறுபடி குடுத்துடலாம். நம்மள மாதிரி நாப்பது இல்லம் இதை நம்பி இருக்கு" என்றார். "சார், இது அடுக்குமா?" என்று கேட்டேன். "உனக்கு டாக்டர் பட்டம் யார் குடுத்தா?" என்றார். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதற்காக யாரும் என்னைப் பாவம் பார்க்க வேண்டாம். அன்று மாலையிலிருந்து அதே நிறத்தில் இருந்த சத்து மாத்திரையைக் கொடுத்தேன். ஒவ்வொரு வேளையும் நான் கேட்பதற்கு முன்பே அவள் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

பத்தாம் நாள் தையல் இயந்திரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பன்னிரண்டாம் தேதி வரவேண்டிய கேமராக்காரர் வேறு வேலை என்று இழுத்தடித்துப் பத்தொன்பதாம் தேதிதான் வந்தார். அவள் மூலையில் உட்கார்ந்து தன் முகத்தையே பிறாண்டுவதை எடுத்துக்கொண்டு, "அருமையா வந்திருக்கு" என்று சொல்லிப் போனார். அன்று மாலை நிஜ மாத்திரையைக் கொடுத்தேன். ஒரு வேளை மாத்திரை என்ன செய்யும்?

இருபதாம் தேதி வரவேண்டாம் என்று கணவருக்கு நான்தான் போன் செய்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தள்ளிப்போட்டுவிட்டேன். காலை பத்து மணிக்கு அவர் மகளோடு வந்தார். அந்தப் பிள்ளை, "அம்மா எங்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாடிப்படி ஏறி ஓடியது. நானும் பின்னால் ஓடினேன். மேல்படியில் நின்ற தையல்காரி, "என் பொண்ணு மூஞ்சிய எங்கடி திருடின?" என்று கேட்டுத் தள்ளிவிட்டாள். பிள்ளை என் காலடியில் வந்து விழுந்தது. தைத்து வைத்த கவுனைப் போட்டுப் பார்க்கவும் அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதன் பிறகு இல்லத்தின் சார்பில் இக்காவல் நிலையத்தில் கொடுக்கப்பட்ட படத்தை எனக்குப் போட்டுக்காட்டினார்கள். முதலில் பிறாண்டுகிறாள், கடைசியில் சிரிக்கிறாள். குணமான பிறகு தெரிந்தே செய்தாள் என்பதற்கு அதுதான் சாட்சியாம். அநியாயம் ஐயா! சிரித்தது முதல் தேதி, பிறாண்டியது பத்தொன்பதாம் தேதி. இதே படத்தைப் பார்த்து நாற்பது இல்லங்களுக்கும் உதவி அனுமதியாகிவிட்டது. "நீ வாயைத் திறந்தா நாப்பதும் போயிடும்" என்று இயக்குநர் சொன்னார். போனால் அந்தப் பழியும் என் தலையில்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிறை மருத்துவமனையில் ஊசி போட்டு ஒரு மாதத்தில் அவளுக்குத் தெளிந்துவிட்டது. தான் செய்தது என்ன என்று தெரியும். இப்போது மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். யார் கொடுத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று நேற்று என்னை அழைத்துப்போனார்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்ததை அவளிடம் சொல்லி அழுதேன். அவள் என்னைத் திட்டவில்லை. என் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்து, "இது நெஜ மாத்திரையாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப வேணாம்க்கா. அன்னைக்குக் குடுத்தீங்களே, அதையே குடுங்க" என்று சொல்லி நாக்கை நீட்டினாள்.

எழுத்தர் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடி, சொன்ன வரிசையிலேயே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை என்று அறிந்து கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
மாத்திரை அக்கா