ஒரு டம்ளர் வெந்நீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை டப்பா நிரப்புவது என் வேலை. ஏழு நாளுக்கு ஏழு அறை, அறைக்கு மூன்று மாத்திரை. ஒன்று கொழுப்பைக் குறைப்பது, மற்ற இரண்டும் ரத்தம் உறையாமல் காப்பவை. அண்ணனுக்கு இதயக் குழாய் அடைத்து ஸ்டென்ட் வைத்த பிறகு வந்த டப்பா அது. நான் பார்மசி படிப்பைப் பாதியில் விட்டவன். "படிச்சது இதுக்காவது ஆகட்டும்டா" என்று அண்ணன் சிரித்தபடி மருந்துச் சீட்டை நீட்டினான். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"சின்ன வெட்டு பட்டாலும் ரத்தம் நிக்க நேரமாகும், பயப்படாதீங்க" என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

தினமும் எட்டு மணிக்கு அம்மா டப்பாவும் வெந்நீருமாக அவன் முன் நிற்பாள்.

"வாயத் திற, முழுங்கிட்டியான்னு பாக்கணும்."

"அம்மா, எனக்கு நாப்பத்தாறு வயசு."

"இருந்துட்டுப் போகட்டும். திற."

அப்போதுதான் நான் இரவு வேலை முடிந்து வருவேன். என்னை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒருமுறை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். "பகல்ல தூங்குறவன்தானே" என்று அம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேதி மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மூன்றையும் எடுத்துவிட்டு, அதே அளவில் அதே நிறத்தில் சத்து மாத்திரைகளைப் போட்டேன். விஷம் வைக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். எடுத்ததை வீணாக்கவும் இல்லை. தினமும் எட்டு மணிக்கு, குழாய்த் தண்ணீரில், நானே விழுங்கினேன். அண்ணனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் ரத்தப் பரிசோதனை. அதுவரை போகவில்லை. பதினாறாவது வாரம் அண்ணன் போய்விட்டான்; புதன்கிழமை அறை திறக்கப்படாமலே நின்றுவிட்டது.

ஒரு மாதம் பொறுத்தேன், மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. பிறகு டப்பாவை நிரப்பி, சவரம் செய்துகொண்டு, எட்டு மணிக்கு அம்மா முன் போய் நின்றேன்.

"எனக்கும் நெஞ்சு வலிக்குதும்மா. கொஞ்சம் வெந்நீர் தா."

அம்மா டப்பாவைப் பார்க்கவில்லை. என் தாடையைப் பார்த்தாள். கத்தி பட்ட இடத்திலிருந்து ரத்தம் சட்டைக் காலர்வரை வந்திருந்தது.

"அவனுக்குக் கடைசி நாலு மாசத்துல ஒரு நாள்கூட இப்படி வழியலையேடா."

அவ்வளவுதான் பேசினாள். டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

செய்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நடந்ததை நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். பெற்ற தாயிடம் நான் கேட்டது ஒரு டம்ளர் வெந்நீர்.