எழ மறுத்த சர்வரை எழுப்பிய விஜயராணி அம்மையாருக்கு

பெருமதிப்பிற்குரிய அம்மையாரே! தென்னூரில் எங்கள் மருத்துவமனைக் கணினிகளுக்குக் கண்ணாகவும் காவலாகவும் நின்றவரே! திருவானைக்காவல் பஸ்ஸை விட்டு இறங்கிய வேகம் தணியாமலே வேலையில் இறங்கும் ஓயாக் கால்களுக்கு உரியவரே! பணிநிறைவு நாளாம் இன்று உங்களை வணங்குகிறோம்.

சென்ற ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையை எங்களால் மறக்க இயலுமா! பெரிய கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் அமைந்த பல சர்வர்களில், மருந்துக் குறிப்புகளைத் தாங்கியது மட்டும் எழவில்லை. கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. மாடியில், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ள வந்த கமர் ஜஹான் அம்மா ஊசி குத்திய கையோடு காத்திருந்தார். மருத்துவர் முந்தைய நாள் குறைத்து எழுதிய அளவு அந்தச் சர்வருக்குள் மட்டுமே இருந்தது. மருத்துவரோ விமானத்தில் பறந்துகொண்டிருந்தார்.

நிர்வாகி நவநீதன் அவர்கள் தவித்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போன வார பேக்கப்பப் போட்டுடுங்கம்மா!"

"போட்டா பழைய அளவுதான் சார் வரும். அதையா அந்தம்மாவுக்கு ஏத்தப் போறீங்க?" என்றீர்கள், நடையை நிறுத்தாமலே.

சர்வரின் டிஸ்க்கை முதலில் நகலெடுத்தீர்கள். நகலை நல்ல சர்வரோடு இணைத்துத் திறந்தீர்கள். குறிப்புகள் பத்திரமாக இருந்தன. கடைசிப் பதிவுகளைப் படித்ததும், இல்லாத ஒரு டிஸ்க்கை, பேக்கப் எடுத்துவைக்கும் வெளிப்பெட்டியைத் தேடியே அது நின்றுபோனது விளங்கியது.

"பேக்கப் பெட்டிய யாருங்க கழட்டினது?"

எங்கள் டெக்னீஷியன் மார்ட்டின் நெளிந்தார். "பூஜையில வச்சோம்க்கா. சந்தனம் குங்குமம் நான்தான் வச்சேன்."

"எங்க, பிளக் மாட்டுற ஓட்டையிலயா?"

அங்கேதான்! சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. பெட்டியை மாட்ட வழியில்லை. சர்வர் எழும்போது அதைத் தேடச் சொல்லும் ஒற்றைக் கட்டளை வரியை நகலில் செயல்படாமல் நிறுத்திவைத்து, அந்த நகலைக் கொண்டே சர்வரைத் துவக்கினீர்கள். திரையில் எழுத்துகள் ஓடின. எங்களுக்கு மூச்சு வந்தது. நீங்களோ படியேறி ஓடி, புதிய அளவை நர்ஸ் கலைமதியிடம் காட்டிய பிறகே தண்ணீர் குடித்தீர்கள்.

அம்மையாரே! நாளை காலை ஒரு திரை கறுத்தால் என்ன செய்வோம் என்று இப்போதே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு நீங்கள் பழக்கிவிட்டுப் போவது, எதையும் அழிக்கும் முன் திறந்து பார்க்கும் பழக்கம். அதை விடமாட்டோம்.

நோயின்றி, நிறைந்த ஆயுளோடு நீடு வாழுங்கள்! சிகிச்சை முடிந்து நலமாயிருக்கும் கமர் ஜஹான் அம்மா காலையிலேயே வந்து, இம்மடலைப் போட்ட கண்ணாடிச் சட்டத்தைப் பறித்து வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்: "யாரும் தொடாதீங்க. விஜயராணிக்கு நான்தான் குடுப்பேன்."

என்றும் நன்றியுடன்,
மருத்துவமனைப் பணியாளர்கள்,
தென்னூர், திருச்சிராப்பள்ளி.