சட்டைப்பையில் ரோட்டர்

கல்மண்டபத்தில் என் வாசலில் நிற்கும் மீன் வேனின் நாற்றம் பொறுக்காமல், பழிவாங்க ஒரு காலையில் அதன் ரோட்டரைத் திருடினேன். அந்தச் சின்னத் துண்டு இல்லாவிட்டால் இன்ஜினில் நெருப்பு வராது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே எதிரே பஸ்ஸுக்கு நின்றேன்.

“பெட்ரோல் வருது, இன்ஜின் சுத்துது, புடிக்கலியே!” என்றார் டிரைவர்.

“மீனு கெட்டா என் பொழப்பே பூடும் நைனா. தள்ளவா?” என்றாள் மீன்காரி.

“தள்ளி இன்னாக்கா? நெருப்பே வரல.” மூடியைத் திறந்தார். “ரோட்டர் இல்லக்கா! எவனோ உருவிகினு பூட்டான்.”

“அவன் வூட்டு அடுப்பு பத்தாம போவ! கூடையத் தூக்கு, நடந்தே பூடலாம்.”

ஆளுக்கொரு கூடையோடு நடந்தார்கள். நான் வந்த பஸ்ஸில் ஏறினேன்.

மாலையில் ரோட்டரை நீட்டி உண்மையைச் சொன்னேன். டிரைவர் திட்டவில்லை. மறுநாள் முதல் வேனை நிறுத்தியதும் அதைக் கழற்றி என்னிடமே கொடுத்தார்.

“நீயே வெச்சிக்க சார். வேற எவனும் திருட மாட்டான்.”